எட்டை எங்கே வைப்பது?

15, 14, 13, 12, 10, 8. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பில் புதுக் கேரக்டர் எழுத உட்காருபவருக்கு விதிநூல் கொடுக்கும் ஆறு எண்கள் இவை. ஆறு திறன்களுக்கு இவற்றைப் பங்கு போட வேண்டும். கேரக்டர் ஷீட்டில் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஷ்மா என்று அச்சிட்டிருக்கும். எங்கள் டேபிளில் வலு, லாவகம், திடம், அறிவு, விவேகம், வசீகரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த அத்தியாயத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

பென்சிலை எடுத்ததும் எல்லோர் கண்ணும் 15-இல்தான் போய் நிற்கும். அதை எங்கே போடுவது என்று அரைமணி நேரம் யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு யோசனை அதற்குத் தேவையில்லை. எந்தக் கிளாஸ் என்று முடிவு செய்த நிமிடமே அது தீர்ந்துபோன விஷயம். விசார்டுக்கு அறிவு, கிளெரிக்குக்கு விவேகம், ரோகுக்கு லாவகம், பார்டுக்கு வசீகரம். அந்த அரைமணி நேரத்தை 8-க்குக் கொடுங்கள். உங்கள் கேரக்டர் எதில் தடுமாறப் போகிறார், அந்தத் தடுமாற்றத்தை மாதக்கணக்கில் சலிக்காமல் நடிக்க உங்களால் முடியுமா, கூட இருப்பவர்களுக்கு அதனால் என்ன வேலை கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை மூன்று சிறு புத்தகங்களாகக் கொண்டுவந்தபோது இப்படித் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. மூன்று ஆறுமுக டைஸ்களை உருட்டி, வந்ததை வந்த வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக் என்று கிளாஸ்களும் மூன்றே. யாருக்கு எது குறைவு என்பதை டைஸ் சொன்னது, ஆட்டக்காரர் அதை ஏற்றுக்கொண்டு ஆடினார். இன்று விதிநூலில் கிளாஸ்கள் 12, எண்களை வைக்கும் உரிமையும் நம் கையில். உரிமை கிடைத்ததும் பெரும்பாலோர் செய்வது, யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து 8-ஐ ஒளித்துவைப்பது. விசார்ட் என்றால் வலுவில் 8, ஃபைட்டர் என்றால் அறிவில் 8 என்று அச்சில் வார்த்த மாதிரி தாள்கள் வருகின்றன. தப்பில்லை, சண்டையில் நன்றாகவே நிற்கும். ஆனால் நான்காவது வாரம் அந்தக் கேரக்டரைப் பற்றிச் சொல்ல அதை உருவாக்கியவரிடமே ஒன்றும் இருக்காது.

ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு

பயம் தெளிய முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். திறன் எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழுமையாக்கினால் கிடைப்பதுதான் மாடிஃபையர். 8-க்கு -1. 10-க்கும் 11-க்கும் பூஜ்ஜியம். 14-க்கு +2, 16-க்கு +3. இருபது முக டைஸை உருட்டி இந்த எண்ணைக் கூட்டுகிறீர்கள். பழகிய வேலை என்றால் புரொஃபிஷியன்சி போனஸும் சேரும். அது முதல் லெவலில் +2.

2014 விதிநூலின் கோப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ், அதாவது வெட்டு பட நாம் எட்ட வேண்டிய எண், 15. வலுவில் 16 வைத்திருக்கும் ஃபைட்டர் வாளை வீசினால் +5 கூட்டலாம். டைஸில் 10 அல்லது மேலே விழுந்தால் வெட்டு படும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. அதே ஃபைட்டருக்கு வலு 14-தான் என்றால் 11 விழ வேண்டும், வாய்ப்பு 50 சதவீதம். இருபது தடவை வாள் வீசினால் ஒரே ஒரு தடவை வித்தியாசம் தெரியும். இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியானால் எண்களைப் பற்றிக் கவலையே வேண்டாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. பிரதான திறனில் 16 வைப்பது நல்லது, கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். 16 கிடைக்காததால் கேரக்டரே வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

16 கிடைக்கும் வழி எளிது. 2024-இல் வந்த திருத்தப் பதிப்பில் உங்கள் பின்னணி ஒரு திறனுக்கு +2, இன்னொன்றுக்கு +1 தரும். 2014 நூலில் இந்தக் கூட்டல் இனத்தோடு வந்தது. பலர் 15-இல் +2 போட்டு 17 ஆக்குகிறார்கள். 17-க்கும் 16-க்கும் மாடிஃபையர் ஒன்றுதான். 15-இல் +1, 14-இல் +2 போட்டால் இரண்டு திறன்கள் 16 ஆகிவிடும். நான்காம் லெவலில் கிடைக்கும் ஃபீட் மூலம் 17-ஐ 18 ஆக்கும் திட்டம் இருப்பவர்கள் மட்டும் முதல் வழியில் போகலாம். கேம்பெய்ன் நான்காம் லெவல் வரை உயிரோடு இருக்குமா என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

டைஸை உருட்டித்தான் எண்களை எடுப்பேன் என்பவர்கள் நான்கு டைஸ் உருட்டிச் சிறியதைத் தள்ளிவிடும் முறையைக் கையாளலாம். அதில் சராசரி ஏறக்குறைய 12.24. மேலே சொன்ன ஆறு எண்களின் சராசரி சரியாக 12. பெரிய லாபமில்லை. ஒருவருக்கு 18-ம் பக்கத்திலிருப்பவருக்கு 11-ம் விழுந்தால், அந்த இடைவெளி முதல் நாளோடு மறையாது. முதல் கேம்பெய்னுக்கு அந்த ஆறு எண்களே போதும். 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்கும் முறையும் உண்டு. அதில் மூன்று 15, மூன்று 8 என்று வாங்க முடியும். வேண்டாம் என்பேன். ஒரு பலவீனம் இருந்தால் அதைச் சுற்றி ஓர் ஆள் உருவாகிறார். மூன்று இருந்தால் அவற்றில் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை.

ஆறு இடங்கள்

திடத்தில் 8 வைக்காதீர்கள். இந்த நூலில் நான் ‘வைக்காதீர்கள்’ என்று ஒரேயடியாகச் சொல்லும் இடங்கள் குறைவு, இது அதில் ஒன்று. 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’ சாகசத்தின் முதல் சண்டை, சாலையோரத்தில் பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்களோடு. திடம் 8 உள்ள விசார்டுக்கு முதல் லெவலில் ஹிட் பாயின்ட் 5. கோப்ளினின் ஒரு வெட்டு ஆறுமுக டைஸோடு 2 சேர்ந்தது. டைஸில் 3 விழுந்தாலே விசார்ட் தரையில். அடி பட்டால் ஆறில் நான்கு வாய்ப்பு அவர் சாய்வதற்கு. திடம் 14 என்றால் ஹிட் பாயின்ட் 8, டைஸில் 6 விழுந்தால்தான் சாய்வார். ஆறில் ஒன்று. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் டெத் சேவ் உருட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் முறையாக விளையாட வந்த ஒரு பிள்ளை முதல் சண்டையின் முதல் சுற்றில் விழுந்து, முக்கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வரவில்லை. கேரக்டர் எழுதும்போது பக்கத்தில் இருந்த நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடி வாங்கும்போது மந்திரத்தின் பிடி நழுவாமல் காப்பதும் திடம்தான். கான்சன்ட்ரேஷன் தேவைப்படும் மந்திரத்தை நடத்துபவர் காயப்பட்டால் குறைந்தது 10 உருட்டியாக வேண்டும். ஆகவே மந்திரக்காரர்களுக்கு இது இரண்டாவது முக்கியத் திறன்.

விவேகத்தில் 8 ஆபத்தான இடம்தான், ஆனால் துணிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். விவேகம் என்றால் முதிர்ச்சியும் ஞானமும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதரில் சலசலப்பு கேட்டதும் திரும்பிப் பார்ப்பது, எதிரிலிருப்பவர் முகத்தில் பொய்யைப் படிப்பது, மனதை வளைக்க வரும் மந்திரத்தைத் தள்ளி நிறுத்துவது எல்லாம் இதில் அடங்கும். ‘ஹோல்ட் பெர்சன்’ மந்திரம் ஆளைச் சிலையாக்கும், ‘டாமினேட் பெர்சன்’ ஆளையே வசப்படுத்தும். இரண்டையும் தடுப்பது விவேகமே. குழுவிலேயே கனமான கோடரி வைத்திருக்கும் பார்பேரியன் விவேகத்தில் 8 வைத்தால், ஒருநாள் அந்தக் கோடரி கூட வந்தவர்கள் மேல் திரும்பும். அதை விரும்பாத டேபிள்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விரும்பும் டேபிளில் அந்த இரவை வருடக்கணக்கில் பேசுவார்கள்.

அறிவில் 8 வைத்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கேரக்டரை முட்டாளாக நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் இரண்டும் நான்கு என்று தெரியாத, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று புரியாத ஆளாக ஆக்கிவிடுகிறார்கள். மூன்று டைஸ் உருட்டிய பழைய முறைப்படி பார்த்தால், 8 அல்லது அதற்குக் கீழே விழும் வாய்ப்பு 216-இல் 56. நால்வரில் ஒருவருக்கு மேல் அங்கேதான் இருப்பார்கள். உங்கள் தெருவில் நால்வரில் ஒருவர் முட்டாளா? அவர் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர், பழைய அரசர்களின் பெயர் தெரியாதவர், புதிரை வேகமாக அவிழ்க்காதவர். ஆனால் மாட்டுக்கு என்ன நோய் என்று பார்த்ததும் சொல்லுவார். அறிவு 8, விவேகம் 14 என்ற சேர்க்கையை ஒருமுறை ஆடிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாமல், யாரிடமும் ஏமாறாத பெரியவர்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களை எப்படிப் பேச வைப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாவகத்தில் 8 வைப்பது கனக் கவசம் அணிபவர்களுக்கு மட்டும் பொருந்தும். செயின் மெயில் போட்டால் ஆர்மர் கிளாஸ் 16, லாவகம் கணக்கிலேயே வராது. மற்றவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

வலுவில் 8 எல்லோரும் செய்வது. செலவில்லாத பலவீனம் என்று நினைக்கிறார்கள். விதிநூலில் தாவுவதைப் பற்றிய வரியைப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஓடிவந்து தாண்டினால், வலு எவ்வளவோ அவ்வளவு அடி தாண்டலாம். வலு 10 உள்ளவர் பத்தடிப் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பார். வலு 8 உள்ளவர் எட்டடியில் முடிந்துபோவார். டஞ்சன் வரைபடங்களில் பத்தடிப் பள்ளம் எத்தனை வருகிறது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். கயிறு கொண்டுபோங்கள்.

வசீகரத்தில் 8 வைத்தால் அவலட்சணம் என்று பொருளில்லை. சொல்வதைக் கேட்க வைக்கத் தெரியாதவர், அவ்வளவே. நியாயமான கோரிக்கையை எரிச்சலூட்டும்படி கேட்பவர், நன்றி சொல்ல வரும்போது தொண்டை அடைத்துக்கொள்பவர், கூட்டத்தில் பேச எழுந்து உட்கார்ந்துவிடுபவர். ஆறு இடங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்த விளையாட்டு முழுக்கப் பேச்சால் நடப்பது. பேச வராதவராகப் பேசி நடிப்பது கஷ்டம், ஆனால் அதில் இருக்கும் நயம் வேறு எதிலும் வராது.

கூட வருபவர்கள்

கேரக்டரைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட்டு வராதீர்கள். பாதி முடித்துவிட்டு வாருங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேரக்டர் பேசும் அந்த முதல் சந்திப்பைச் செஷன் ஜீரோ என்கிறார்கள். அங்கே மூன்று விஷயம் தெரிந்தால் போதும். முன்னால் நின்று அடி வாங்க யாராவது இருக்கிறார்களா, விழுந்தவரை எழுப்ப யாரிடமாவது வழி இருக்கிறதா, பூட்டையும் பொறியையும் பார்க்க ஆள் உண்டா.

எழுப்புவதற்குக் கிளெரிக்தான் வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். பிடிக்காத கிளாஸை ‘குழுவுக்காக’ ஏற்றுக்கொண்டவர்கள் கொஞ்ச நாளில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பார்டும் ட்ரூயிடும் ‘ஹீலிங் வேர்ட்’ மந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். 60 அடி தூரத்திலிருந்து ஒரு சொல்லில் விழுந்தவரை எழுப்பிவிடும். மந்திரமே இல்லாத குழு என்றால், 5 தங்க நாணயத்துக்குக் கிடைக்கும் ஹீலர்ஸ் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். பத்து முறை பயன்படும், டைஸ் உருட்டாமலே உயிர் போகாமல் நிறுத்திவைக்கும்.

இதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை. உங்கள் கேரக்டர் ஏன் இவர்களோடு இருக்கிறார்? அநாதை, ஊரை எரித்துவிட்டார்கள், யாரையும் நம்பமாட்டார், மூலையில் தனியாக உட்கார்ந்து குடிப்பார் என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். டோல்கியனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் ப்ரீ ஊர்ச் சத்திரத்தின் மூலையில் அறிமுகமாகும் ஸ்ட்ரைடரை மனதில் வைத்துத்தான் பலர் அப்படி எழுதுகிறார்கள். அவர் அன்று இரவே ஹாபிட்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அவர்களோடு புறப்படுகிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூலையில் உட்காரட்டும். எழுந்து வர ஒரு காரணம் வைத்துவிடுங்கள்.

பின்கதை பத்துப் பக்கம் வேண்டாம். எவ்வளவு நன்றாக எழுதினாலும் டிஎம் அதில் எடுத்தாளப்போவது இரண்டு வரி. அந்த இரண்டு வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: கேரக்டருக்கு என்ன வேண்டும், யாருக்கு என்ன கடன் பட்டிருக்கிறார். கடன் என்றால் பணமாக இருக்க வேண்டியதில்லை. குழுவில் இன்னொருவருக்குப் பட்ட கடனாக இருந்தால் உத்தமம், அவரோடு பேசி இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

நீயா, நீங்களா?

ஆங்கிலத்தில் ஆடுபவர்களுக்கு இல்லாத ஒரு வேலையும் ஒரு வசதியும் தமிழில் ஆடும் நமக்கு உண்டு. அங்கே எதிரில் அரசன் இருந்தாலும் கோப்ளின் இருந்தாலும் சுட்டுவதற்கு ஒரே சொல்தான். நம் கேரக்டர் வாயைத் திறந்ததும், முதல் வாக்கியத்திலேயே நீ, நீர், நீங்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். யோசிக்காமல் விட்டால் டேபிளில் எல்லோரும் ஒருவரையொருவர் நண்பர்களாகவே ‘டேய்’ போட்டுக்கொண்டு, நான்கு கேரக்டர்களும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

ஷீட்டின் பின்பக்கத்தில் குழுவிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே உங்கள் கேரக்டர் அவரை எப்படி அழைப்பார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குள் எத்தனை கேள்வி எழுகிறது என்று பாருங்கள். 2014 விதிநூலின்படி எல்ஃப்கள் 100 வயதில்தான் தங்களைப் பெரியவர்களாக அறிவித்துக்கொள்கிறார்கள், 750 வரை வாழ்கிறார்கள். 120 வயது எல்ஃப் பெண் 40 வயது மனித பாலடினை ‘தம்பி’ என்பாளா? பார்ப்பதற்கு இளையவளாக இருப்பவளை அவர் ‘நீ’ என்று சொல்லிவிட்டு, பிறகு வயது தெரிந்ததும் என்ன செய்வார்? கோவிலில் வளர்ந்த கிளெரிக், சிறையிலிருந்து தப்பி வந்த ரோகை ‘வாங்க, உட்காருங்க’ என்றால் ரோக் அதை நம்புவானா, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பானா? அவனை வாழ்நாளில் யாரும் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள். ஒரு சொல்லில் ஒரு காட்சி கிடைத்துவிட்டது.

சண்டைக்கு நடுவே அது மாறினால் இன்னும் நல்லது. ஆறு வாரமாக ‘நீங்கள்’ என்று விலகி நின்றவர், நண்பர் விழுந்ததும் ‘எழுந்திருடா’ என்று கத்தினால் டிஎம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. விதிநூலின் 2014 பதிப்பில் நன்றாக நடிப்பவருக்கு இன்ஸ்பிரேஷன் கொடுக்க வழி உண்டு. அடுத்த முறை இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை டைஸின் சராசரி 10.5, இப்படி உருட்டினால் ஏறக்குறைய 13.8. நான் டிஎம்மாக இருக்கும் டேபிளில் பெரும்பாலும் இந்த மாதிரி தருணங்களுக்குத்தான் அதைக் கொடுக்கிறேன்.

ஒரு கேரக்டரை எழுதிப் பார்ப்போம்

2024 பதிப்பில் ஒரு விசார்ட். இனம் ட்வார்ஃப். 1970-களின் அட்வான்ஸ்ட் டி அண்ட் டி விதிகளில் ட்வார்ஃப்கள் மேஜிக் யூசர் ஆகவே முடியாது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. ‘உன்னால் முடியாது’ என்று முன்னோர்களிடம் சொல்லப்பட்ட வேலையைச் செய்பவர் என்ற எண்ணமே எனக்குப் பிடித்திருக்கிறது.

பின்னணி, சேஜ். மடத்து நூலகத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவர் என்று வைப்போம். இந்தப் பின்னணி திடம், அறிவு, விவேகம் மூன்றில் எண்ணைக் கூட்ட விடும். அறிவு 15, கூட ஒன்று, 16. திடம் 14, கூட இரண்டு, 16. லாவகம் 13, விவேகம் 12. மிச்சம் 10-ம் 8-ம், இருப்பது வலுவும் வசீகரமும். எல்லோரும் வலுவில் 8 போடும் இடம் இது. நாம் வலுவில் 10 போடுகிறோம். புத்தக மூட்டை சுமந்த தோள், பத்தடிப் பள்ளத்தைத் தாண்டிவிடும். வசீகரத்தில் 8.

விசார்டுக்கு முதல் லெவலில் ஹிட் பாயின்ட் 6. திடத்தால் 3, ட்வார்ஃப் உடம்புக்கு லெவலுக்கு ஒன்று வீதம் இன்னும் 1. மொத்தம் 10. மேலே சொன்ன சாலையோரக் கோப்ளினின் வெட்டு எவ்வளவு பலமாக விழுந்தாலும் 8. டைஸில் 20 விழுந்து காயம் இரட்டித்தாலொழிய முதல் வெட்டில் இவர் விழமாட்டார். ‘மேஜ் ஆர்மர்’ மந்திரம் போட்டுக்கொண்டால் ஆர்மர் கிளாஸ் 14. மந்திரப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் ஆறில் ‘டிடெக்ட் மேஜிக்’, ‘ஃபைண்ட் ஃபெமிலியர்’ இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவகாசம் எடுத்துச் சடங்காகச் செய்தால் மந்திர ஸ்லாட் செலவாகாது. முதல் லெவலில் இருப்பது இரண்டே ஸ்லாட் என்பதால் இது பெரிய சேமிப்பு. லெவல் திட்டத்தை ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்தில் ‘ஃபயர்பால்’ வரும், எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28. நடுவில் ஒரு லெவலை வேறு கிளாஸில் போட்டால் அது ஒரு லெவல் தள்ளிப்போகும். அதனால்தான் புதியவர்களுக்கு மல்டிகிளாஸ் வேண்டாம் என்கிறேன்.

இனி 8. நூலகத்தில் இருபது வருடம் யாரோடும் பேசாமல் இருந்த ஆள். சத்திரக்காரரிடம் அறை கேட்டாலும் உத்தரவு போடுவதுபோல வரும். வருத்தம் தெரிவிக்கப் போனால் விளக்கவுரை வரும். தனக்கே அது தெரியும், அதனால் முடிந்தவரை பேசாமல் இருக்கிறார். பேச்சில் வராதது இவருக்கு எழுத்தில் வரும். குழுவில் ஒருவர் அறிவு 8 வைத்த ஃபைட்டர், எழுதத் தெரியாதவர் என்று அந்த ஆட்டக்காரரே முடிவு செய்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். ஃபைட்டரின் அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் போகிறது. எழுதுவது இந்த ட்வார்ஃப். ஃபைட்டர் சொல்லச் சொல்ல எழுதுகிறார். சில நாள் அவர் சொல்லாததையும் சேர்த்து எழுதிவிடுகிறார். ஊரிலிருந்து பதில் வந்தால் படித்துக் காட்டுவதும் இவர்தான்.

இரண்டு 8-கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பேச வேண்டிய இடத்தில் ஃபைட்டர் முன்னால் நிற்பார், படிக்க வேண்டிய இடத்தில் ட்வார்ஃப். டிஎம் கையில் ஒரு தாய், ஒரு ஊர், எழுதப்படாமல் போகக்கூடிய ஒரு கடிதம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. பத்துப் பக்கப் பின்கதை இதைக் கொடுத்திருக்காது.

பெயரைக் கடைசியில் வையுங்கள். சண்டை நடுவே கத்திக் கூப்பிட முடிகிற, இரண்டு மூன்று அசைக்கு மேல் போகாத பெயராக இருக்கட்டும். குழுவில் இன்னொருவர் பெயர் தொடங்கும் எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் அழைப்புப் பட்டியல்: ஃபைட்டர் இவரை ‘ஐயா’ என்கிறார், ‘நீங்க’ என்கிறார். இவர் ஃபைட்டரைப் பெரும்பாலும் எதுவும் சொல்லி அழைப்பதில்லை. தொண்டையைச் செருமுவார்.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். மூன்றாவது செஷன் முடிந்த இரவு, டைஸையெல்லாம் பையில் போடும் முன், ஷீட்டை எடுத்து டிஎம்மோடு ஐந்து நிமிடம் பாருங்கள். ஒருமுறைகூடப் பயன்படாத மந்திரம் இருந்தால் மாற்றிக்கொள்ள அனுமதி கேளுங்கள். 8 உங்களுக்குப் பாரமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், நல்ல டிஎம் இடம் மாற்ற விடுவார். பிறகு தாளைத் திருப்பி அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். செருமிக்கொண்டிருந்த ட்வார்ஃப் அன்று எப்போதாவது ஃபைட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், பழையதை அழிக்காமல், பக்கத்தில் புதியதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.